உப்பு தாங்கும் நெல்லுக்கு மரபு வளம் உருவாக்குவது எப்படி: இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

தை மாதம் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு செய்யில், நெல் வயலில், நின்றுகொண்டிருந்தேன். பாதிப் பயிர் கதிர் தலை சாய்ந்து பழுக்கத் தொடங்கியிருந்தது. மறுபாதி வெளுத்துப் போய், கதிரெல்லாம் பதராகி, கனமில்லாததால் நிமிர்ந்தே நின்றது. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே மழை. நல்ல பக்கத்தில் கதிர் ஒடிக்கக் குனிந்தேன். நிலத்துக்காரர் சிரித்துவிட்டார்.

"அது பயிரோட சாமர்த்தியம் இல்ல தம்பி. அந்தப் பக்கம் மடைத் தண்ணி பாயும், உப்பு கீழ போயிரும். சாமர்த்தியத்தப் பாக்கணும்னா இங்க வாங்க."

வெளுத்த பாதிக்குள் கூட்டிப் போனார். செத்த பயிருக்கு நடுவே நாலைந்து தூர் மட்டும் மணி பிடித்து நின்றன. அன்று நான் பையில் போட வேண்டியிருந்தது அந்த நாலைந்தைத்தான்.

மார்க்கர் (டி.என்.ஏ.வில் ரகத்துக்கு ரகம் மாறும் அடையாள இடம்), டி.என்.ஏ., குரோமோசோம் என்று எத்தனை தூரம் போனாலும் கேள்வி இதுதான்: பார்த்தது பயிரின் குணமா, மண்ணின் தயவா? உப்புத் தாங்கும் திறனை ஆராய மரபு வளம் சேர்க்க நினைக்கும் முதுகலை மாணவர், கல்லூரி ஆசிரியர், பாரம்பரிய விதை சேர்க்கும் குழுவினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மரபு வளம் என்று இங்கே சொல்வது வெறும் விதைப் பொட்டலங்களை அல்ல. ஊர் வரலாறு தெரிந்த விதைத் தொகுப்பு, அதிலிருந்து பிரித்த தூய வரிசைகள் (ஒற்றைச் செடியின் வழிவந்த, ஒரே மாதிரிப் பயிர்கள்), கலப்பில் பிறந்த சந்ததிகள், அவற்றின் டி.என்.ஏ. விவரம், எல்லாவற்றையும் கோக்கும் குறிப்பேடு எல்லாம் சேர்ந்ததுதான் வளம். முழுவதும் கைக்கு வர நாலைந்து வருடம் ஆகும்.

முதலில் உப்பை அளந்து பாருங்கள்

விதையைத் தேடிப் போவதற்கு முன் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலரும் உவர், களர் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். இரண்டும் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். கோடையில் மேலே வெள்ளையாகப் பூக்கும். செறிவூட்டிய மண் சாற்றின் (மண்ணை நீர் நிறையும்வரை குழைத்து வடித்த சாறு) மின் கடத்துத்திறன் (இ.சி.) மீட்டருக்கு 4 டெசி சைமனுக்கு மேல், கார அமில நிலை (பி.எச்.) 8.5-க்குள் இருந்தால் உவர். இனி இ.சி. என்று எழுதும் எண்களுக்கெல்லாம் இதுவே அலகு. களரில் கரையும் உப்பு குறைவு. ஆனால் மண்துகள்களைப் பிடித்திருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும், மழை பெய்தால் சேறு இறுகித் தண்ணீர் இறங்காது. மண்ணின் மக்கு கரைந்து மேலே கறுப்பாகப் படிவதும் உண்டு. களரைத் தாங்கும் ரகம் உவரைத் தாங்கும் என்று கட்டாயம் இல்லை. திருச்சி 3 களர் நிலத்துக்கென்று வந்த ரகம். அதை உவர்ச் சோதனையில் வைத்துவிட்டு 'ஏமாற்றிவிட்டது' என்று எழுதுவது நம் தவறு.

இ.சி. மீட்டர் வாங்கியதும் நேரே வயலுக்கு ஓடாதீர்கள். 25 டிகிரியில் 1.413 காட்டும் பொட்டாசியம் குளோரைடு திட்டக் கரைசல் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு நாளும் அதில் தோய்த்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். என் முதல் வருடத்து எண்கள் முழுவதையும் இந்த ஒரு சோம்பலால் தூக்கிப் போட்டேன். இன்னொன்று: ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலக்கி அளந்தால் வரும் எண், செறிவூட்டிய சாற்றின் எண்ணைவிடக் குறைவாக வரும். எந்த முறை என்று எழுதாத இ.சி. எண் எதற்கும் உதவாது.

எப்போது அளப்பது? இதுதான் நம் கரையின் தனிக் கணக்கு. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம், திருப்புல்லாணிப் பக்கம் பெரும்பாலும் ஆவணி புரட்டாசியில் புழுதி விதைப்பு. விதைக்கிற நேரத்தில் கோடை முழுக்க மேலே ஏறிய உப்பு மண்ணின் மேற்பரப்பில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கீழே தள்ளும். மார்கழியோடு மழை ஓய்ந்ததும் வெயிலும் காற்றும் ஈரத்தை இழுக்க, உப்பு மறுபடி மேலேறும். அதாவது நாற்றுப் பருவத்தில் ஒரு அடி, கதிர் விடும் பருவத்தில் இன்னொரு அடி. நெல்லோ முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் ஓரளவு தாங்கும். இளம் நாற்றாகவும் பூக்கும்போதும்தான் துவண்டு போகும். சரியாக அந்த இரண்டு நேரத்தில்தான் இங்கே உப்பு வருகிறது.

அதனால் விதைப்புக்கு முன், மழைக்கு நடுவில், பூக்கும்போது, அறுப்பு முடிந்ததும் என நான்கு முறை மண் எடுங்கள். 15 சென்டிமீட்டர் வரை ஒன்று, 15 முதல் 30 வரை ஒன்று. செய்யில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் கட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி எண். வேலை அதிகம்தான். ஆனால் பத்தடி நடந்தால் உப்பு இரட்டிப்பாகும் நிலத்தில் 'வயலின் சராசரி' என்று ஒரு எண் போட்டு என்ன பயன்?

எந்தப் பயிர்?

நான் நெல்லைச் சொல்கிறேன். தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர்; பிரித்த வரிசையைத் தூய்மையாக வைப்பது எளிது. 12 குரோமோசோம், சுமார் 39 கோடி டி.என்.ஏ. எழுத்து, தானியப் பயிர்களில் சிறியது. அந்த எழுத்துகளின் முழு வரிசையும் 2005-இல் வெளியாகிவிட்டது. அதே சமயம் உப்புக்கு நோஞ்சான்: இ.சி. 3-ஐத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 12 சதவீதம் போகும். பார்லி 8 வரை அசையாது.

குண்டு மிளகாயை எடுத்தால் என்ன என்று இங்கே யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பயிர், ஆசை வருவது நியாயம். ஆனால் மிளகாயின் மரபணுத் தொகுதி நெல்லைப் போல எட்டு, ஒன்பது மடங்கு பெரிது, பூச்சியால் அயல் மகரந்தமும் கலக்கும். ஒவ்வொரு பூவையும் பை கட்டிக் காக்க ஆள் இருந்தால் இறங்குங்கள். முதல் முயற்சிக்கு நெல்லே போதும்.

விதை சேகரிப்பு: பெயரை நம்பாதீர்கள், ஆளைக் கேளுங்கள்

குழியடிச்சான், நொறுங்கன், நூற்றிப்பத்து, சித்திரைக்கார், களர்பாலை என்று இந்தப் பக்கம் காதில் விழும் பெயர்கள் நிறைய. இவற்றில் சிலவற்றை ஆய்வுலகம் முன்பே எடுத்திருக்கிறது. ஐஆர் 20-ஐயும் நூற்றிப்பத்தையும் கலந்து உருவாக்கிய சந்ததி வரிசைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வறட்சி ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். ஆக, நம் வயல் நெல்லை வைத்து இதைச் செய்யலாம் என்பது புதிய கனவில்லை; உப்புக்கும் அதே வழி.

ஆனால் ஒரே பெயரில் மூன்று ஊரில் மூன்று நெல் இருக்கும். மூன்று பெயரில் ஒரே நெல்லும் இருக்கும். எனவே பெயரை விவசாயி சொன்னபடியே எழுதுங்கள், 'திருத்தி' எழுதாதீர்கள். கூடவே ஊர், செய்யின் அட்சரேகை தீர்க்கரேகை, கண்மாய்ப் பாசனமா வானம் பார்த்ததா, எத்தனை வருடமாக இந்த விதை இந்த வீட்டில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது, எந்த வருடம் உப்பில் மற்றது போய் இது தப்பியது என்பதையும் எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் அடிக்கோடு போட்டு வைப்பேன்.

கேட்க வேண்டிய ஆள் பெரும்பாலும் வயலில் இருக்க மாட்டார், வீட்டில் இருப்பார். விதை பொறுக்குவதும் குலுக்கையில் போட்டு வைப்பதும் பெண்கள் கை வேலை. ஒரு வீட்டில் நான் வாங்கிய பிடி நெல்லை அப்பத்தா ஒருவர் முறத்தில் பரப்பி, விரலால் ஏழெட்டு மணியை ஓரமாகத் தள்ளினார். "இதுல ரெண்டு சாதி இருக்குய்யா. இந்த மூக்குக் கறுத்தது நம்மது இல்ல." உமியின் நுனியில் கடுகளவு கறுப்பு, எனக்குத் தெரியவே இல்லை. உமி நீக்கிப் பார்த்தபோது அந்த மணிகளின் அரிசி வெள்ளை, மற்றவை சிவப்பு.

எவ்வளவு எடுப்பது? ஒரு செய்யில் 50 தனித்தனிச் செடியிலிருந்து ஒவ்வொரு கதிர், முடிந்தால் 100. வரப்போரம், மடைவாய் என்று நல்லதாகத் தெரிகிற இடத்திலேயே எடுக்காமல் செய் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்து எடுங்கள். உப்பில் தப்பிய தூர்களைத் தனிப் பையில், தனி எண்ணில் போடுங்கள். தூரின் அடியிலிருந்தே ஒரு பிடி மண்ணும் அதே எண்ணில். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துணிப் பை அல்லது காகிதப் பை. சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் பென்சிலில். ஜெல் பேனாவில் எழுதிய பைகளை மண்டபத்தில் ஒரு இரவு ஜன்னலோரம் வைத்தேன். காலையில் கடல் காற்று எல்லாவற்றையும் நீலக் கறையாக்கியிருந்தது. அந்த விதை இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த ஊர் என்று தெரியாததால் அது வெறும் நெல்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. ஊராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு, அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி முன்பே வேண்டும். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இன்படி தன் பாரம்பரிய ரகத்தைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை விவசாயிக்கு இருக்கிறது. இதை விதை வாங்கும்போதே அவரிடம் சொல்லுங்கள். பின்னால் சொன்னால் அது வேறு மாதிரிப் படும்.

காயவைப்பதும் பத்திரப்படுத்துவதும்

வெயிலில் சிமெண்ட் தரையில் கொட்டி வறுக்க வேண்டாம். நிழலில் காற்றாட உலர்த்தினால் ஈரப்பதம் 13, 14 சதவீதத்துக்கு வரும். கடலோரக் காற்றில் அதற்குக் கீழே தானாக இறங்காது. மூடிய டப்பாவில் விதையின் எடைக்குச் சமமாக சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாற மாற ஜெல்லை வறுத்து மாற்றி, 8 சதவீதத்துக்குக் கொண்டு வாருங்கள். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. சேமிப்பு வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. அலுமினியத் தாள் பையில் அடைத்து ஒட்டி, சாதாரண ஃபிரிட்ஜில் வைத்தாலே சில வருடம் தாங்கும். நெடுங்காலத்துக்கு மைனஸ் 18 டிகிரி.

முளைப்புச் சோதனை செய்யாமல் எதையும் உள்ளே வைக்காதீர்கள். புது நெல்லுக்கு உறக்கம் இருக்கும். முளைக்கவில்லை என்றதும் செத்த விதை என்று முடிவு கட்டாமல், 50 டிகிரியில் ஐந்து நாள் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 85 சதவீதம் முளைத்தால் நல்ல விதை. ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பங்கு வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கட்டும். மின்வெட்டும் புயலும் நம் ஊருக்குப் புதிதல்லவே.

தூய வரிசை பிரித்தல்

பாரம்பரிய ரகம் ஒரு கூட்டம். மரபாய்வுக்கு ஒற்றை ஆள் வேண்டும். ஒரு கதிரின் மணிகளை ஒரு வரிசையில் விதைத்து, ஒரே மாதிரி நிற்கும் வரிசையிலிருந்து ஒரு செடியைத் தேர்ந்து, மறு பருவம் மறுபடியும் அதே வேலை. இரண்டு பருவம் போதும். மூலக் கலவை விதையைக் கொட்டிவிடாமல் அப்படியே தனியாக வைத்திருங்கள். இன்று தேவையில்லை என்று ஒதுக்கும் அந்த மூக்குக் கறுத்த மணியில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது?

நாற்றுப் பருவச் சோதனை

இனிதான் உண்மையான பரீட்சை. வயலில் உப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முதல் சோதனையைத் தண்ணீரில் வைக்கிறோம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறைதான், செலவும் குறைவு.

பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தட்டு. அதன் மேல் மிதக்கும் தெர்மோகோல் பலகை. பலகையில் துளைகள், அடியில் நைலான் வலை ஒட்டியிருக்கும். முளைவிட்ட விதையைத் துளைக்கு இரண்டு வீதம் வைத்து, வேர் வலைக்குக் கீழே இறங்கும்படி விடுங்கள். முதல் மூன்று நாள் வெறும் தூய நீர். பிறகு யோஷிடா ஊட்டக் கரைசல் (பயிருக்கு வேண்டிய சத்துகள் கலந்த நீர்). அதற்குப் பின் சாதாரண உப்பைக் கரைத்து இ.சி. 6-க்கு ஏற்றி மூன்று நாள், அப்புறம் 12. லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் உப்பு வரும், ஆனால் கிராமை நம்பாதீர்கள், மீட்டர் சொல்லும் எண்ணே முடிவு. ஒரே நாளில் 12-க்குத் தாவினால் தாங்கும் ரகமும் அதிர்ச்சியில் சுருண்டுவிடும்.

வாலிநோக்கம் உப்பளம் பக்கத்திலேயே இருக்க, ஆய்வக உப்பைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. உப்பள உப்பில் மக்னீசியமும் சல்பேட்டும் கூட வரும், ஒவ்வொரு வாரலிலும் அளவு மாறும். உங்கள் எண்ணை வேறு ஊர் எண்ணோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். சமையல் அயோடின் உப்பும் வேண்டாம்.

தினமும் செய்ய வேண்டியவை இரண்டு. கார அமில நிலையை 5-க்குத் திருத்துவது ஒன்று. இல்லாவிட்டால் இரும்பு கிடைக்காமல் இலை வெளுக்கும், அதை உப்பின் பாதிப்பு என்று தப்பாக எண்ணுவீர்கள். ஆவியான அளவுக்குத் தூய நீர் ஊற்றுவது மற்றொன்று. நம் வெயிலிலும் காற்றிலும் ஒரே நாளில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய இறங்கும். மாலைக்குள் 12 என்பது 14 ஆகிவிடும். ஊற்ற வேண்டியது வெறும் நீர், உப்புக் கரைசல் அல்ல. உதவிக்கு வந்த தம்பி ஒருவர் இதை மாற்றிச் செய்ததில் ஒரு முழுத் தட்டு மூன்றே நாளில் படுத்துவிட்டது. கோபப்படவும் வழியில்லை, குடுவைகளில் பெயர் எழுதாதது நான்தான். எட்டு நாளைக்கு ஒருமுறை கரைசலையே மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் சாட்சி ரகங்கள் கட்டாயம். தாங்காததற்கு ஐஆர் 29, தாங்குவதற்குக் கேரளத்துப் பொக்காளி அல்லது ஐஆர் 29-ஐயும் பொக்காளியையும் கலந்ததில் பிறந்த எஃப்எல் 478. உப்பில்லாத தட்டு ஒன்றும் பக்கத்தில் ஓட வேண்டும். எல்லாமே மூன்று முறை. ஐஆர் 29 சாகத் தொடங்கும்போது மதிப்பெண் போடுங்கள்: நன்றாக இருந்தால் 1; இலை நுனி வெளுத்து லேசாகச் சுருண்டால் 3; வளர்ச்சி குன்றிப் பெரும்பாலான இலை சுருண்டால் 5; வளர்ச்சி நின்று இலைகள் காய்ந்தால் 7; செத்தால் 9. யார் போட்டாலும் ரகத்தின் பெயர் தெரியாமல் போடட்டும். நம் ஊர் ரகத்துக்கு ஒரு மதிப்பெண் சலுகை கொடுக்கக் கை துடிக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் இலையின் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் ஃபிளேம் போட்டோமீட்டரில் (சுடரின் ஒளியால் அளக்கும் கருவி) பாருங்கள். இலையைத் தூய நீரில் கழுவி, 70 டிகிரியில் உலர்த்தி, அமிலத்தில் கரைக்க வேண்டும். வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையே உப்பு. இரண்டு வகைத் தாங்கும் குணம் இதில் பிரிந்து தெரியும். சில ரகங்கள் சோடியத்தை வேரிலும் தண்டிலுமே மடக்கி இலைக்கு விடாது. சில ரகங்களின் இலையில் சோடியம் நிறைய இருக்கும், ஆனாலும் பச்சையாக நிற்கும். செல்லுக்குள் நுண்குமிழியில் பூட்டி வைத்துவிடும். இரண்டாவது வகை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அது அரிது.

பூக்கும் பருவமும் வயலும்

நாற்றில் தேறியது பூவில் தேறும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் வெவ்வேறு மரபணுக்கள் வேலை செய்கின்றன. அடியில் துளையிட்ட தொட்டிகளில் நட்டு, அவற்றை ஒரு சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் வைத்து, பொதிப் பருவத்தில் (கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்) மட்டும் இ.சி.-யை 8 முதல் 10-க்கு ஏற்றுங்கள். கடைசியில் எண்ண வேண்டியது பதரையும் மணியையும்தான். ரகங்கள் வெவ்வேறு நாளில் பூப்பதால் ஒவ்வொன்றுக்கும் அதன் பொதிப் பருவம் பார்த்து உப்பேற்ற வேண்டும். ஒரே தேதியில் எல்லாவற்றுக்கும் ஏற்றினால் முன்பூப்பவை தப்பித்துக்கொண்டு 'தாங்கும்' பட்டியலில் ஏறிவிடும்.

வயல் சோதனைக்குப் பல இடங்களில் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஐந்தாறு பாத்திக்கு ஒன்று சாட்சி ரகம் வைத்து, முன்பு எடுத்த கட்ட எண்களைக் கணக்கில் சேருங்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் இராமநாதபுரத்தில் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பரமக்குடியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அணுகிப் பேசலாம். வெளியே போவதென்றால் ஹரியானாவின் கர்னாலில் மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிலையம்.

கலப்பு: வளத்தின் முதுகெலும்பு

தாங்கும் குணம் டி.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது என்று தேட இரண்டு பெற்றோர் வேண்டும்: தாங்கும் தூய வரிசை ஒன்று, தாங்காத ரகம் ஒன்று. ஐஆர் 29 தாயாக இருந்தால் மற்றவர் முடிவுகளோடு ஒப்பிடலாம்.

மாலையில், மறுநாள் பூக்க இருக்கும் கதிரைத் தேர்ந்து, ஏற்கெனவே பூத்ததையும் மிக இளசானதையும் வெட்டி எறியுங்கள். மீதிப் பூக்களின் உமியில் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்தால் உள்ளே ஆறு மகரந்தப் பைகள் தெரியும். மெல்லிய இடுக்கியால் ஆறையும் எடுக்க வேண்டும். ஐந்து எடுத்தால் போதாது. ஒன்று உடைந்தாலும் அந்தப் பூவை வெட்டிவிடுங்கள். பட்டர் பேப்பர் உறை போட்டு, தேதியும் பெயரும் எழுதுங்கள். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் தந்தை ரகம் பூத்துத் தூள் கொட்டும். உறையின் மேல்பகுதியைத் திறந்து கதிரைத் தட்டித் தூவுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. மின்விசிறியை நிறுத்த மறக்கக் கூடாது. உமியின் மேற்பகுதி வெட்டியிருப்பதால் மணி பாதி அம்மணமாகவே விளையும்.

அந்த மணியை முளைக்க வைத்தால் முதல் தலைமுறை. இது உண்மையிலேயே கலப்பா, தாயின் சொந்த மகரந்தமா என்பதைப் பெற்றோர் இருவரையும் வேறுபடுத்தும் மார்க்கர் ஒன்றால் டி.என்.ஏ. எடுத்து உறுதி செய்யுங்கள். இதை விட்டுவிட்டு ஒரு பருவம் முழுக்க ஐஆர் 29-ஐயே பாசத்தோடு வளர்த்தவர்களை எனக்குத் தெரியும். சரி, நானும்தான்.

இரண்டாம் தலைமுறையில் குணங்கள் சிதறும். அங்கிருந்து ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு மணி எடுத்து அடுத்த தலைமுறை, அதிலும் ஒரு மணி என்று எட்டாம் தலைமுறை வரை இறங்குங்கள். கலப்பு நிலை ஒவ்வொரு படிக்கும் பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், ஆறாவதில் 3 சதவீதம் சொச்சம், எட்டாவதில் ஒன்றுக்கும் கீழே. அப்போது ஒவ்வொரு வரிசையும் நிலைத்துவிடும். எத்தனை முறை, எத்தனை ஊரில் வேண்டுமானாலும் அதே விதையைச் சோதிக்கலாம். 200 வரிசை இருந்தால் நல்லது, 150-க்குக் குறையக் கூடாது. வழியில் வாடிப்போனது, முளைக்காதது, எலி தின்றது போகத்தான் மிஞ்சும், எனவே 250-இல் தொடங்குங்கள். முக்கியமான எச்சரிக்கை: இடைத் தலைமுறைகளில் உப்பைக் காட்டாதீர்கள், நல்ல செடி என்று பொறுக்கவும் செய்யாதீர்கள். நோஞ்சான் வரிசைகளும் அவசியம் வேண்டும். அவை இல்லாமல் ஒப்பிட எதுவும் இருக்காது.

வானம் பார்த்த பருவம் வருடத்துக்கு ஒன்றுதான். நிழல்வலைக் கூடாரத்தில் சிறு தொட்டியில் நெருக்கி வளர்த்தால் இரண்டு, சில குறுவயது ரகங்களில் மூன்று தலைமுறை கூட ஓட்டலாம். ஒரு மணிதானே வேண்டும்.

திடீர் மாற்ற வரிசைகள்

காமா கதிர் அல்லது இ.எம்.எஸ். வேதிப்பொருளால் விதையின் மரபணுவில் மாற்றம் உண்டாக்கி, இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகளை உப்பில் வடிகட்டுவது இன்னொரு வழி. தாங்கும் வரிசை ஒன்று திடீரெனத் தாங்காமல் போனால், உடைந்த மரபணு எது என்று தேடலாம். இ.எம்.எஸ். புற்றுநோய் உண்டாக்கும், காற்றுறிஞ்சிக் கூண்டு, கையுறை, மிஞ்சியதைச் சோடியம் தயோசல்பேட்டால் செயலிழக்க வைக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம். தொடக்கத்தில் இதை ஒத்திப்போடுவதே என் ஆலோசனை.

டி.என்.ஏ.வும் வரைபடமும்

டி.என்.ஏ. பிரித்தெடுக்க இளம் இலை, சி-டேப் கரைசல், 65 டிகிரி வெந்நீர்த் தொட்டி, குளோரோஃபார்ம். வழக்கமான முறையே போதும். முதலில் பெற்றோர் இருவரிலும் ஒரு வேலை செய்யுங்கள். நெல்லின் 1ஆம் குரோமோசோமின் குறுங்கரத்தில் சால்ட்டால் என்ற பகுதி இருக்கிறது. பொக்காளியில் கண்டது, இலையில் சோடியம் பொட்டாசியம் விகிதத்தைக் கட்டுப்படுத்துவது. அந்த வட்டாரத்திலேயே, வங்கத்து நோனா போக்ரா ரகத்திலிருந்து 2005-இல் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். தண்டின் நீர்க்குழாயில் ஏறிவரும் சோடியத்தை இலைக்குப் போகாமல் திருப்பி இழுக்கும் புரதத்துக்கானது அது. ஆர்எம் 8094, ஆர்எம் 10745, ஆர்எம் 3412 ஆகிய மார்க்கர்களால் உங்கள் நாட்டு ரகத்தில் இந்தப் பகுதி பொக்காளி வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தெரிந்த கதை. இல்லாமலேயே உங்கள் ரகம் இ.சி. 12-இல் பச்சையாக நின்றிருந்தால், நாலு வருட உழைப்பைப் போடத் தகுந்த ஆள் கிடைத்துவிட்டார்.

200 வரிசைகளின் டி.என்.ஏ. எழுத்துகளையும் படித்து, சில ஆயிரம் ஒற்றை எழுத்து வேறுபாடுகளைக் கூலிக்கு எடுத்துத் தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. வந்த தரவில் ஒவ்வோர் இடத்திலும் தாய் வடிவமும் தந்தை வடிவமும் சரிபாதி இருக்க வேண்டும்; ஒரு பக்கம் மிகவும் சாய்ந்தால் முதலில் குறிப்பேட்டைச் சந்தேகியுங்கள். குணத்தையும் மார்க்கரையும் பொருத்தி வரைபடம் போடும்போது, உண்மைத் தொடர்பையும் தற்செயலையும் பிரிக்கும் எல்லைக் கோட்டை எங்கோ படித்ததிலிருந்து எடுக்காமல், உங்கள் தரவையே ஆயிரம் முறை கலைத்துப் போட்டுக் கணக்கிடுங்கள்.

உமரியும் வெண்கண்டலும்

நெல் உப்பைப் பொறுத்துக்கொள்ளும் பயிர், அவ்வளவுதான். உப்பிலேயே வாழ்கிறவை நம் கரையில் இருக்கின்றன: உப்பளக் கரை உமரி, மணலில் படரும் வங்கரவச்சி, காரங்காட்டு வெண்கண்டல். வெண்கண்டலிலிருந்து உப்புத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்து நெல்லில் சேர்க்கும் வேலையை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்திருக்கிறது. இவற்றைச் சேர்க்க நினைத்தால் இரண்டு விஷயம். அலையாத்திக் காடு வனத்துறையுடையது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒரு இலை பறிக்கவும் தனி அனுமதி வேண்டும். அடுத்து, இந்த இலைகளில் பிசினும் பாலிஃபினாலும் அதிகம், டி.என்.ஏ. பழுப்புக் கஞ்சியாக வரும். தளிர் இலையை எடுத்து, கரைசலில் பாலிஃபினாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. தூள் சேருங்கள். உமரியையும் வங்கரவச்சியையும் தண்டு ஒடித்து நட்டே பெருக்கலாம்; ஒவ்வொரு ஒடிப்புக்கும் தாய்ச்செடி எண் எழுத மறக்காதீர்கள்.

பதிவும், திரும்பக் கொடுப்பதும்

வயல் பை எண், தூய வரிசை எண், தட்டு எண், டி.என்.ஏ. குழாய் எண் நான்கும் ஒரே அட்டவணையில் ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கட்டும். ஒரு பிரதியைத் தாளில் அச்செடுத்து வையுங்கள். விதையில் ஒரு பங்கைப் புதுதில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வள அமைப்புக்கு அனுப்பினால் ஐ.சி. என்று தொடங்கும் எண் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு நாடு முழுவதும் அந்த விதையை அந்த எண்ணாலேயே பேசுவார்கள். விவசாயியின் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு மூலப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிறகு விதையை ஊருக்குக் கொண்டு போங்கள். தூய வரிசை பெருகிய வருடம் ஆவணிக் கடைசியில் திருப்பாலைக்குடிக்கு இரண்டு கிலோ எடுத்துப் போனேன், அன்று அவர் காட்டிய தூர்களின் பேரப்பிள்ளைகள். அவர் பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி வாயில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். பிறகு பாதியைத் தன் துண்டில் கொட்டிக்கொண்டு மீதியைப் பையோடு திருப்பி நீட்டினார்.

"இத நீங்களே வச்சிருங்க தம்பி. மழ பொய்ச்சுட்டா வந்து வாங்கிக்கிறேன்."

துண்டில் இருந்ததை அந்த வெளுத்த பாதியில்தான் விதைத்தார்.